யாரோ எழுதிய கிளேஸ் குறிப்பை உங்கள் சூளையில் சோதிப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

ஒரு கிளேஸ் குறிப்பு (மண்பாண்டத்தில் பூசிச் சுடும் கண்ணாடிப் பூச்சுக்கான செய்முறை) கைக்கு வந்ததும் பலர் செய்யும் முதல் வேலை தராசை எடுப்பது. அங்கேயே பாதித் தோல்வி உறுதியாகிவிடும். குறிப்பில் இருப்பது பொருட்களின் பெயரும் எடையும் மட்டும்தான். எழுதியவரின் களிமண், அவர் வாங்கிய ஃபெல்ட்ஸ்பார் (கிளேஸை உருக வைக்கும் பாறைத் தூள்), அவர் சூளை குளிர்ந்த வேகம் எதுவும் அதில் இராது. அந்த இடைவெளியை நிரப்புவதுதான் சோதனை. அதை எந்த வரிசையில் செய்தால் பொருளும் சூடும் வீணாகாது என்பதைக் கீழே படிப்படியாகப் பார்க்கலாம்.

கயோலின் (வெண்களிமண்), சிலிகா (குவார்ட்ஸ் தூள்), கோன் (குறிப்பிட்ட சூட்டில் சாயும் சிறு கூம்பு), பிஸ்க் (கிளேஸ் பூசும் முன் போடும் முதல் சூடு) போன்ற சொற்கள் ஓரளவு தெரிந்திருந்தால் போதும். வேதியியல் தேவைப்படும் இடத்தில் பள்ளிக்கூட வகுத்தல் கணக்கே போதுமானது.

முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டியவை

0.1 கிராம் வரை காட்டும் தராசு, 80 மெஷ் சல்லடை, 60 மி.லி. சிரிஞ்சு, மூடியுள்ள சிறு டப்பாக்கள், நுண்தூசியைத் தடுக்கும் என்95 அல்லது அதைவிட மேலான முகமூடி, சூளையில் வைக்கக் கோன்கள், நீங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் களிமண்ணில் செய்து பிஸ்க் போட்ட இருபது சோதனை ஓடுகள், ஒரு நோட்டுப் புத்தகம்.

இதில் ஓடுகளைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். கிளேஸ் கலந்து முடித்த பிறகு ஓடு இல்லையே என்று உடைந்த கிண்ணத்தின் துண்டில் பூசிப் பார்ப்பார்கள். அந்தத் துண்டு படுத்துக் கிடக்கும். கிளேஸ் வழியுமா வழியாதா என்று அதில் தெரியாது.

1. எடை போடும் முன் குறிப்பைப் படியுங்கள்

முதலில் கோன் எண். 6 என்பதும் 06 என்பதும் ஒன்றல்ல. ஆர்டன் கோன் 6 மெதுவான சூட்டில் சுமார் 1222 டிகிரி செல்சியஸில் சாயும். 06 சுமார் 998 டிகிரியிலேயே சாய்ந்துவிடும். 06க்கு எழுதிய குறிப்பை 6க்குச் சுட்டால் கிளேஸ் தண்ணீர்போல ஓடி அடுக்குப் பலகையில் ஒட்டிக்கொள்ளும். குறிப்பு பல கைகள் மாறி வந்திருந்தால் அந்தச் சுழியம் வழியில் எங்காவது தொலைந்திருக்கலாம். சந்தேகம் வந்தால் பொருட்களைப் பாருங்கள். பாதிக்கு மேல் ஃபிரிட்டோ (முன்பே உருக்கிப் பொடித்த கண்ணாடி) போராக்ஸோ இருந்தால் அது பெரும்பாலும் குறைந்த சூட்டுக்கானது. ஃபிரிட்டே இல்லாமல் ஃபெல்ட்ஸ்பாரும் வைட்டிங்கும் (கால்சியம் கார்பனேட்) மட்டும் இருந்தால் 9, 10ஆம் கோனுக்கானதாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

அடுத்து, எந்த நாட்டுக் கோன் என்று கவனியுங்கள். ஜெர்மனியின் செகர் கோன் எண்ணும் அமெரிக்காவின் ஆர்டன் கோன் எண்ணும் ஒத்துப்போகாது. வெப்பநிலை மட்டும் தரப்பட்டிருந்தால் அது ஃபாரன்ஹீட்டா செல்சியஸா என்று பாருங்கள். 2232 என்று எழுதியிருந்தால் அது ஃபாரன்ஹீட், அதாவது கோன் 6.

மூன்றாவது, ஆக்சிஜன் தாராளமான சூடா குறைந்த சூடா, அதாவது ஆக்சிடேஷனா ரிடக்‌ஷனா என்பது. செம்பு கலந்த கிளேஸ் ஆக்சிஜன் தாராளமாக உள்ள மின்சூளையில் பச்சை தரும். ஆக்சிஜன் குறைந்த சூட்டில் சிவப்பாகும். இரும்பும் அப்படித்தான். ரிடக்‌ஷனில் 1 முதல் 3 சதவீத இரும்பு செலடான் பச்சையைத் தரும். அதே அளவு மின்சூளையில் வெளிறிய தேன் நிறமாகத்தான் நிற்கும். படத்தைப் பார்த்து ஆசைப்பட்டு ரிடக்‌ஷன் குறிப்பை மின்சூளையில் போட்டு ஏமாறுவது புதியவர்களிடம் அதிகம் காணும் தவறு. குறிப்பில் தவறு எதுவும் இராது. சூளைதான் வேறு.

கடைசியாகத் தசமப் புள்ளி. கோபால்ட் கார்பனேட் 10 என்று எழுதியிருந்தால் அது 1.0 ஆக இருந்திருக்கும். கோபால்ட் கார்பனேட் 0.25 முதல் 1 சதவீதமே நல்ல நீலம் தந்துவிடும். வழக்கமான அளவுகளை மனதில் வைத்திருந்தால் இப்படிப்பட்ட பிழை உடனே கண்ணில் படும்: செம்புக் கார்பனேட் 1 முதல் 5, சிவப்பு இரும்பு ஆக்சைடு 1 முதல் 10, குரோம் ஆக்சைடு 1க்குள், ரூட்டைல் (டைட்டேனியம் தாது) 2 முதல் 8, வெள்ளையாக்கும் தகர ஆக்சைடு 5 முதல் 8.

2. மொத்தத்தை 100க்குக் கொண்டு வாருங்கள்

இரண்டு குறிப்புகளை ஒப்பிட வேண்டுமானால் இரண்டும் ஒரே அளவில் இருக்க வேண்டும். அடிப்படைப் பொருட்களின் கூட்டல் 100. நிறம் தருபவையும் ஒளி மறைப்பவையும் அதற்கு மேல் தனி. இதுதான் வழக்கம்.

ஓர் உதாரணம். குறிப்பில் இப்படி இருக்கிறது: பொட்டாஷ் ஃபெல்ட்ஸ்பார் 48, வைட்டிங் 18, கயோலின் 12, சிலிகா 32, சிவப்பு இரும்பு ஆக்சைடு 9. முதல் நான்கின் கூட்டல் 110. ஒவ்வொன்றையும் 110ஆல் வகுத்து 100ஆல் பெருக்குங்கள். ஃபெல்ட்ஸ்பார் 43.6, வைட்டிங் 16.4, கயோலின் 10.9, சிலிகா 29.1 என்று வரும். இரும்பையும் அதே 110ஆல் வகுக்க வேண்டும், 8.2 வரும்.

இங்கே நடக்கும் பிழை, இரும்பையும் சேர்த்து மொத்தம் 119 என்று எடுத்துக்கொண்டு வகுப்பது. அதனால் கிளேஸ் கெட்டுவிடாது. ஆனால் நாளை இரும்பை எடுத்துவிட்டுக் கோபால்ட் போட்டுப் பார்க்க நினைத்தால் அடிப்படை எது, நிறம் எது என்று பிரிக்க முடியாமல் போகும்.

3. பொருட்களின் பெயரை அடையாளம் காணுங்கள்

நேரம் அதிகம் பிடிப்பது இந்தப் படிதான். அவசரப்படக் கூடாததும் இதுதான்.

பழைய குறிப்புகளில் ஃபிளின்ட் என்றிருந்தால் அது சிலிகா. சைனா கிளே என்றால் கயோலின். வைட்டிங் என்றால் கால்சியம் கார்பனேட். இவை வெறும் பெயர் மாற்றங்கள், சிக்கல் இல்லை.

சிக்கல் தொடங்குவது "ஃபெல்ட்ஸ்பார்" என்று மொட்டையாக எழுதியிருக்கும்போது. பொட்டாஷ் ஃபெல்ட்ஸ்பாரா, சோடா ஃபெல்ட்ஸ்பாரா? சோடா வகை சற்று முன்னதாக உருகும், நுண்விரிசலையும் கூட்டும். எதுவும் குறிப்பிடாவிட்டால் பொட்டாஷை வைத்துத் தொடங்குங்கள். பழைய குறிப்புகளில் பெரும்பாலும் அதுவே பொருந்தும்.

நெஃபலின் சயனைட்டை ஃபெல்ட்ஸ்பாருக்குப் பதிலாக அப்படியே போடுகிறவர்கள் உண்டு. இரண்டும் பார்க்க ஒரே வெள்ளைத் தூள்தான், உள்ளே வேறு. நெஃபலினில் அலுமினா சுமார் 23 சதவீதம், சிலிகா 60. பொட்டாஷ் ஃபெல்ட்ஸ்பாரில் அலுமினா 17 அல்லது 18, சிலிகா 67க்கு மேல். காரப் பொருளும் நெஃபலினில் கூடுதல். அதனால் கிளேஸ் எளிதாக உருகும், விரிசலும் கூடும். மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால் சிலிகாவைக் கொஞ்சம் கூட்ட வேண்டியிருக்கும்.

இனி, கடையில் கிடைக்காத பொருட்கள். ஆல்பனி ஸ்லிப் என்ற இயற்கைக் களிமண்ணை நியூயார்க் மாநிலத்தில் தோண்டி எடுத்தார்கள். 1980களில் அது நின்றுவிட்டது. கலிஃபோர்னியாவிலிருந்து வந்த கெர்ஸ்ட்லி போரேட் என்ற போரான் தாதுவின் சுரங்கமும் மூடப்பட்டது. ஆனால் இந்தப் பெயர்கள் ஆயிரக்கணக்கான பழைய குறிப்புகளில் அப்படியே நிற்கின்றன.

கெர்ஸ்ட்லிக்குப் பதில் 3134 எண் ஃபிரிட்டை எடைக்கு எடை போடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இரண்டிலும் போரானும் கால்சியமும் கிட்டத்தட்ட சமம், உண்மைதான். ஆனால் கெர்ஸ்ட்லியில் சிலிகா ஏறத்தாழ 15 சதவீதம், ஃபிரிட்டில் 46. சோடா இரண்டு மடங்கு. போதாக்குறைக்கு, கெர்ஸ்ட்லி கிளேஸைக் கூழ்போலப் பிடித்து வைத்திருக்கும்; ஃபிரிட் வாளியின் அடியில் கல்லாக இறுகும். மாற்றும்போது குறிப்பிலுள்ள சிலிகாவைக் குறையுங்கள், கயோலினைச் சற்றுக் கூட்டுங்கள், 2 சதவீதம் பென்டோனைட் (கிளேஸைப் படியவிடாமல் தாங்கும் நுண்களிமண்) சேருங்கள். பிறகு அடுத்த படியிலுள்ள கணக்கைப் போட்டுச் சரிபாருங்கள்.

நிறப் பொருளில் ஆக்சைடா கார்பனேட்டா என்பதும் முக்கியம். கோபால்ட் ஆக்சைடு 1 கிராம் தரும் நிறத்தைப் பெறக் கோபால்ட் கார்பனேட் சுமார் 1.5 கிராம் வேண்டும். செம்பில் இது சுமார் 1.4. கார்பனேட் துகள் மென்மையானது, புள்ளி விழாமல் கலக்கும். விலை கூடினாலும் கார்பனேட்டையே வாங்குங்கள் என்பதே என் பரிந்துரை.

கயோலினில் "கால்சைன்டு" என்று அடைமொழி இருக்கிறதா என்று பாருங்கள். சாதாரணக் கயோலின் சூட்டில் தன் எடையில் 12 முதல் 14 சதவீதத்தை நீராவியாக இழக்கும். கால்சைன்டு வகை அதை ஏற்கெனவே இழந்தது. 10 கிராம் சாதாரணக் கயோலினுக்கு 8.7 கிராம் கால்சைன்டு போதும்.

ஈயம் உள்ள குறிப்பை ஒதுக்கிவிடுங்கள். பேரியம் கார்பனேட் நச்சு. உணவுப் பாத்திரத்துக்கு அதைத் தேர்ந்தெடுக்கத் தேவையே இல்லை.

4. ஒருமுறை எண்ணாக்கிப் பாருங்கள்

கணினியில் இதற்கென மென்பொருள்கள் உண்டு. ஆனால் ஒருமுறையாவது கையால் போட்டுப் பார்த்தால்தான் மென்பொருள் காட்டும் எண்ணுக்குப் பொருள் விளங்கும். ஜெர்மன் வேதியியலாளர் ஹெர்மன் செகர் 19ஆம் நூற்றாண்டில் வகுத்த முறை இது: உருக்கிப் பொருட்களின் கூட்டலை 1 ஆக்கி, மற்றவற்றை அதற்கு எதிரே வைப்பது.

ஆங்கிலேயக் குயவர் பெர்னார்ட் லீச்சின் பெயரோடு புழங்கும் 4-3-2-1 குறிப்பை எடுத்துக்கொள்வோம். 10ஆம் கோனுக்கானது. ஃபெல்ட்ஸ்பார் 40, சிலிகா 30, வைட்டிங் 20, கயோலின் 10. ஒவ்வொன்றையும் அதன் மூலக்கூறு எடையால் வகுக்க வேண்டும்.

பொட்டாஷ் ஃபெல்ட்ஸ்பாரின் எடை 557. 40ஐ வகுத்தால் 0.072. ஒரு ஃபெல்ட்ஸ்பாரில் பொட்டாஷ் 1, அலுமினா 1, சிலிகா 6. எனவே பொட்டாஷ் 0.072, அலுமினா 0.072, சிலிகா 0.432.

வைட்டிங் 20ஐ 100ஆல் வகுத்தால் கால்சியம் 0.200. கயோலின் 10ஐ 258ஆல் வகுத்தால் 0.039, அதில் அலுமினா 1, சிலிகா 2, ஆகவே 0.039, 0.078. சிலிகா 30ஐ 60ஆல் வகுத்தால் 0.500.

உருக்கிகள் பொட்டாஷும் கால்சியமும். கூட்டல் 0.272. எல்லாவற்றையும் 0.272ஆல் வகுங்கள். பொட்டாஷ் 0.26, கால்சியம் 0.74, அலுமினா 0.41, சிலிகா 3.71.

இப்போது இந்த எண்கள் பேசத் தொடங்கும். சிலிகாவை அலுமினாவால் வகுத்தால் 9. ஸ்டல் என்ற அமெரிக்கர் 1912இல் பொட்டாஷ் 0.3, கால்சியம் 0.7 என்று நிலையாக வைத்துக்கொண்டு, சிலிகாவையும் அலுமினாவையும் மட்டும் மாற்றி மாற்றிச் சுட்டு ஒரு வரைபடம் தயாரித்தார். அதன்படி இந்த விகிதம் சுமார் 5க்குக் கீழே போனால் மேட், அதாவது பளபளப்பில்லாத பரப்பு. அதைவிட நன்றாக மேலே இருந்தால் பளபளப்பு. 9 என்றால் பளபளப்பு. பூசும் முன்பே தெரிந்துவிட்டது.

இன்னொன்றும் தெரிகிறது. இதில் போரான் துளிகூட இல்லை. 6ஆம் கோனில் முழுதாக உருகப் பொதுவாக 0.15 அளவுக்காவது போரான் வேண்டும். இதைக் கோன் 6இல் சுட்டுவிட்டு, வெளியே வரும் சொரசொரப்பைப் பார்த்து "அருமையான மேட்" என்று மகிழ்பவர்கள் இருக்கிறார்கள். அது உருகாத கிளேஸ். எலுமிச்சைச் சாறு பட்டால் கரையும், கரண்டி உரசினால் கோடு விழும்.

5. சோதனை ஓடுகள்

ஓடு நின்றுகொண்டு சுடப்பட வேண்டும். 8 முதல் 10 செ.மீ. உயரம், 3 செ.மீ. அகலம், அடியில் மடித்த பாதம். சக்கரம் இருந்தால் அடிப்பகுதி இல்லாத அகன்ற வளையமாக வனைந்து, துண்டு துண்டாக வெட்டிக்கொள்ளலாம். நிமிடத்தில் பதினைந்து கிடைக்கும்.

மேல் பாதியில் சீப்பாலோ ஆணியாலோ கோடுகள் கீறுங்கள். விளிம்பிலும் மேட்டிலும் கிளேஸ் எப்படி மெலிகிறது, பள்ளத்தில் எப்படித் தேங்குகிறது என்பதை இந்தக் கோடுகள்தான் காட்டும்.

பிஸ்க் சூடு 06 முதல் 04 வரை. மெதுவாகப் போங்கள். மண்ணிலுள்ள கரிமப் பொருள் இந்தச் சூட்டில் எரிந்து வெளியேறாவிட்டால், அடுத்த சூட்டில் கிளேஸைத் துளைத்துக்கொண்டு வெளியேறும்.

எண்ணை ஈர மண்ணிலேயே கீறிவிடுவது நல்லது. பிறகு எழுதுவதானால் சிவப்பு இரும்பு ஆக்சைடைத் தண்ணீரில் குழைத்துத் தூரிகையால் எழுதுங்கள். பென்சிலும் சாதாரண மார்க்கரும் சூட்டில் எரிந்து போகும். பன்னிரண்டு ஓடுகளும் எண் இல்லாமல் சூளையிலிருந்து வெளியே வந்தால் அந்தச் சூடு முழுக்க வீண்தான்.

6. எடை போட்டுக் கலத்தல்

முகமூடியை அணிந்துகொண்ட பிறகே டப்பாவைத் திறக்க வேண்டும். சிலிகாத் தூசி நுரையீரலில் தங்கினால் வெளியே வராது. சிலிகோசிஸ் வந்தால் குணமாக்க வழியில்லை. மேசையைத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள், ஈரத் துணியால் துடையுங்கள்.

முதல் சோதனைக்கு 100 கிராம் உலர்தூள் போதும். ஒவ்வொரு பொருளையும் எடை போட்டதும் நோட்டில் டிக் அடியுங்கள். நடுவில் அலைபேசி ஒலித்து, திரும்பி வந்ததும் "கயோலின் போட்டேனா?" என்ற கேள்வி எழுந்தால், பதில் அந்த டிக்கில் மட்டும்தான் இருக்கும். வெள்ளைத் தூள்கள் எல்லாம் ஒன்றுபோலவே தெரியும்.

நிறப் பொருளில் தராசின் பிழையைக் கணக்கில் எடுங்கள். 0.1 கிராம் தராசில் 0.5 கிராம் கோபால்ட் எடுத்தால் 20 சதவீதம் வரை தவறலாம். 0.25 கிராம் என்றால் 40 சதவீதம். ஒன்று, நூறில் ஒரு கிராம் காட்டும் நகைத் தராசு வாங்குங்கள். அல்லது மொத்தத்தை 400 கிராமாகக் கூட்டுங்கள். மூன்றாவது வழி 10ஆம் படியில் வருகிறது. மூன்றில் அதுவே சிக்கனம்.

90 முதல் 100 மி.லி. தண்ணீரை டப்பாவில் எடுத்துக்கொண்டு அதில் தூளைக் கொட்டுங்கள். தூளின் மேல் தண்ணீர் ஊற்றினால் தூசி கிளம்பும், கட்டி பிடிக்கும். பென்டோனைட் இருந்தால் அதை மற்ற உலர்தூளோடு நன்றாகக் கலந்துவிட்டுப் போடுங்கள். தனியாகத் தண்ணீரில் விழுந்தால் பசைபோல உருண்டுகொள்ளும். அரை மணி நேரம் ஊறட்டும். பிறகு 80 மெஷ் சல்லடையில் இரண்டு முறை வடிகட்டுங்கள். டீ வடிகட்டி போதாது. அதில் நழுவிய கோபால்ட் துகள்தான் வெள்ளைப் பரப்பில் நீலப் புள்ளியாக வந்து நிற்கும்.

7. அடர்த்தி பார்த்துப் பூசுதல்

"மோர் போல இருக்க வேண்டும்", "பாலாடை போல இருக்க வேண்டும்" என்பதெல்லாம் ஆளுக்கு ஆள் மாறும். சிரிஞ்சை எடுங்கள். காலியாக எடை 28 கிராம், 60 மி.லி. கிளேஸ் இழுத்ததும் 115 கிராம் என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 87. அதை 60ஆல் வகுத்தால் 1.45. முக்கிப் பூசும் கிளேஸுக்கு 1.40 முதல் 1.50 வரை பொதுவாகச் சரியாக வரும். இந்த எண்ணைக் குறித்து வையுங்கள். நாளைக்கு அதே நிறம் வராவிட்டால் முதலில் சரிபார்க்க வேண்டியது இதைத்தான்.

ஓட்டை ஈரப் பஞ்சால் துடைத்துத் தூசியை எடுங்கள். கீழே 1 செ.மீ. விட்டுவிட்டு முழுதாக இரண்டு விநாடி முக்குங்கள். ஈரப் பளபளப்பு மறைந்ததும் மேல் பாதியை மட்டும் இன்னொரு முறை. இப்போது ஒரே ஓட்டில் இரண்டு தடிமன்கள் கிடைத்துவிட்டன. தடித்த பகுதி மேலே இருப்பது வேண்டுமென்றேதான்: வழிந்தால் எவ்வளவு தூரம் இறங்குகிறது என்று அளக்கலாம்.

தடிமனை ஊசியால் கீறிப் பாருங்கள். ஒரு முறை முக்கிய இடத்தில் ஏடிஎம் அட்டையின் தடிமனை ஒட்டி இருந்தால் நல்லது. அதைவிட மிகவும் கனமாக ஏறியிருந்தால் உலரும்போதே வெடிக்கும்.

8. சூளையில் வைத்தல்

ஒவ்வொரு அடுக்கிலும் கோன் வையுங்கள். 6க்குச் சுடுவதானால் 5, 6, 7 மூன்றையும் வரிசையாக. 5 முழுதாகப் படுத்திருக்க வேண்டும், 6இன் நுனி பலகை மட்டத்தைத் தொட்டிருக்க வேண்டும், 7 லேசாக வளைந்திருக்கலாம். கட்டுப்பாட்டுக் கருவி 1222 என்று காட்டுவது ஒரு புள்ளியிலுள்ள வெப்பநிலை மட்டுமே. கோன் காட்டுவது வெப்பமும் நேரமும் சேர்ந்து செய்த வேலையை. கிளேஸ் உருகுவதும் அதே வேலையால்தான்.

ஓடுகளுக்கு அடியில், கில்ன் வாஷ் (கிளேஸ் ஒட்டாமல் காக்கும் பூச்சு) பூசிய மண்தட்டு ஒன்றை வையுங்கள். அறியாத கிளேஸ் எவ்வளவு ஓடும் என்று யாருக்கும் தெரியாது. பலகை விலை அதிகம்.

கூடவே, நடத்தை தெரிந்த ஒரு கிளேஸ் பூசிய ஓடு ஒன்றும் உள்ளே இருக்கட்டும். கோன் 6க்கு இதற்கு வசதியானது ஐந்து பொருட்களை இருபது இருபதாகக் கலக்கும் குறிப்பு: பொட்டாஷ் ஃபெல்ட்ஸ்பார், வொலாஸ்டனைட் (கால்சியம் சிலிக்கேட் தாது), கயோலின், சிலிகா, 3134 ஃபிரிட். எடை போடுவதில் குழப்பமே வராது. புதிய கிளேஸும் கெட்டு, இந்த ஓடும் கெட்டிருந்தால் குற்றம் சூட்டில். இது மட்டும் வழக்கம்போல வந்திருந்தால் குற்றம் குறிப்பிலோ கலப்பிலோ.

குரோம் உள்ள ஓட்டைத் தகர ஆக்சைடு வெள்ளைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். குரோம் சூட்டில் ஆவியாகிப் பக்கத்துத் தகரத்தில் படிந்து ரோஸ் நிறம் காட்டும். காரணம் தெரியாதவர் ஒரு மாதம் தலையைப் பிய்த்துக்கொள்வார்.

9. ஓடு சொல்வதைப் படித்தல்

சூளை 100 டிகிரிக்குக் கீழே வரும்வரை திறக்காதீர்கள். வெளியே எடுத்த ஓட்டைப் பகல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள்.

நுண்விரிசல். சிலந்திவலை போல மெல்லிய கோடுகள். குளிரும்போது மண்ணைவிடக் கிளேஸ் அதிகமாகச் சுருங்கியதன் விளைவு. சோடாவும் பொட்டாஷும் மிகுந்த கிளேஸில் இது வரும். சிலிகாவை ஐந்து ஐந்து கிராமாகக் கூட்டிப் பாருங்கள். ஃபெல்ட்ஸ்பாரில் கொஞ்சத்தை எடுத்துவிட்டு டால்க் மூலம் மெக்னீசியம் கொடுங்கள். விரிசல் அன்றே தெரியாமல் வாரங்கள் கழித்தும் வரலாம். அதனால் ஓட்டைக் கொதிநீரிலும் பனிக்கட்டி நீரிலும் மூன்று முறை மாற்றி மாற்றிப் போட்டு, மேலே மை தடவித் துடைத்துப் பாருங்கள். கோட்டில் மை தங்கும்.

செதில் உரிதல். முந்தையதற்கு நேர் எதிர். கிளேஸ் போதிய அளவு சுருங்காமல், விளிம்பில் கூரிய செதிலாகத் தெறிக்கும். இது அழகுப் பிரச்சினை அல்ல. செதில் உணவோடு வயிற்றுக்குள் போகும். அந்தக் கிளேஸை அந்த மண்ணில் பயன்படுத்தக் கூடாது.

சுருண்டு விலகுதல். கிளேஸ் திட்டுத் திட்டாக ஒதுங்கி, மண் வெளியே தெரியும். தூசி, விரல் எண்ணெய், அதிகத் தடிமன் ஆகியவை ஒரு பக்கம். கயோலின் மிகுதி இன்னொரு பக்கம்: உலரும்போது சுருங்கி வெடிக்கிறது, அந்த வெடிப்பிலிருந்து சூட்டில் விலகுகிறது. குறிப்பில் கயோலின் 20க்கு மேல் இருந்தால் பாதியைக் கால்சைன்டாக மாற்றுங்கள். வேதியியல் மாறாது, சுருக்கம் குறையும்.

ஊசித்துளை. வாயு வெளியேறிய பாதை மூடாமல் நின்றுவிட்டது. பிஸ்க் சூட்டைக் கொஞ்சம் கூட்டுங்கள். கிளேஸ் சூட்டில் உச்சிக்குப் போனதும் சுமார் 55 டிகிரி இறக்கி, அங்கே 30 நிமிடம் நிறுத்துங்கள். அந்தச் சூட்டில் குமிழி புதிதாகக் கிளம்பாது, கிளேஸோ இன்னும் இறுகியிருக்காது, துளைகள் மூடிக்கொள்ளும். உச்சியிலேயே நெடுநேரம் நிறுத்துவது சிலவேளை குமிழியை இன்னும் கூட்டும்.

பச்சை எதிர்பார்த்த இடத்தில் பழுப்பு. குரோமோடு ஜிங்க் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஜிங்க் இருந்தால் குரோம் பச்சை தராது.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். சிலிகாவையும் கூட்டி, சூட்டையும் மாற்றி, தடிமனையும் குறைத்தால் எது குணமாக்கியது என்று தெரியாது. அடுத்த முறை மூன்றையும் செய்தாக வேண்டும்.

10. வரிசைக் கலவை

அடிப்படை சரியாக வந்த பிறகே நிறத்தைத் தேட வேண்டும். அடிப்படைக் கிளேஸை 100 கிராம் வீதம் இரண்டு டப்பாக்களில் கலக்குங்கள். 'அ' வெறும் அடிப்படை. 'ஆ'வில் 1 கிராம் கோபால்ட் கார்பனேட். இரண்டின் அடர்த்தியும் ஒன்றாக இருக்கும்வரை தண்ணீர் சேருங்கள், இல்லையென்றால் மி.லி. கணக்கு பொய்த்துவிடும்.

ஒவ்வொன்றிலும் 130 மி.லி. அளவுக்குக் கிடைக்கும். சிரிஞ்சால் ஒடுக்கமான டம்ளரில் அளந்து ஊற்றுங்கள்: 'அ' 40 மி.லி.; 'அ' 30, 'ஆ' 10; இருபதுக்கு இருபது; 'அ' 10, 'ஆ' 30; 'ஆ' 40. ஐந்து ஓடுகளில் 0, 0.25, 0.5, 0.75, 1 சதவீதக் கோபால்ட் வந்துவிட்டது. கால் கிராமை எடை போடவே இல்லை. ஒவ்வொரு முறை இழுக்கும் முன்னும் டப்பாவைக் கலக்க மறக்காதீர்கள். கிளேஸ் நிமிடத்தில் அடியில் படியும்.

இதே முறையில் 'ஆ' வேறொரு கிளேஸாகவும் இருக்கலாம். வழியும் கிளேஸுக்கும் இறுகிய கிளேஸுக்கும் நடுவே எங்கோ நல்ல கிளேஸ் ஒன்று ஒளிந்திருப்பது உண்டு.

11. உணவுப் பாத்திரத்தில் பூசும் முன்

ஓட்டின் பாதியை வினிகரில் 24 மணி நேரம் மூழ்க வையுங்கள். கழுவி உலர்த்தி, மூழ்கிய பாதியையும் மூழ்காத பாதியையும் ஒப்பிடுங்கள். நிறம் மங்கினாலோ பளபளப்பு போனாலோ அந்தக் கிளேஸ் பூந்தொட்டிக்குத்தான். செம்பு 4, 5 சதவீதம் உள்ள மேட் பச்சைகள் இந்தச் சோதனையில் அடிக்கடி தோற்கும்.

தேறிவிட்டால் பாதுகாப்பானது என்று பொருளல்ல. கண்ணுக்குத் தெரியும் அளவு கரையவில்லை என்று மட்டும்தான். விற்பனைக்குச் செய்பவர்கள் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கே ஈயம், காட்மியம் பரிசோதனைக்கு 4 சதவீத அசெட்டிக் அமிலத்தை 24 மணி நேரம் வைத்து, கரைந்தது எவ்வளவு என்று அளப்பார்கள். மற்ற உலோகங்கள் தெரிய வேண்டுமானால் தனியாகக் கேட்க வேண்டும்.

12. பதிவும் அளவைக் கூட்டுவதும்

ஓடு ஒவ்வொன்றுக்கும் நோட்டில் ஒரு பக்கம். எண், நாள், 100க்குக் கொண்டுவந்த குறிப்பு, மூலக் குறிப்பில் இருந்தபடி ஒரு நகல், மாற்றிய பொருள், பொருளின் வணிகப் பெயரும் வாங்கிய மூட்டையும், மண், அடர்த்தி, எந்த அடுக்கு, கோன் எப்படிச் சாய்ந்தது, குளிர்ந்த விதம். தோற்ற ஓட்டையும் தூக்கி எறியாதீர்கள். எண் வரிசையில் ஆணியில் மாட்டுங்கள், அல்லது அட்டைப் பெட்டியில் அடுக்குங்கள். எண் வரிசைதான் முக்கியம். நிற வரிசையில் அடுக்கினால் பார்க்க அழகு, தேட எரிச்சல்.

100 கிராமிலிருந்து நேராக 10 கிலோவுக்குத் தாவாதீர்கள். 500 கிராம் கலந்து, இரண்டு மூன்று சிறு கிண்ணங்களில் பூசி, வெவ்வேறு அடுக்குகளில் சுடுங்கள். ஓட்டில் வழியாத கிளேஸ் கிண்ணத்தின் உள்குழிவில் தேங்கி வேறு முகம் காட்டலாம். பெரிய வாளி கலக்கும் நாளில், பொருட்களைப் புது மூட்டையிலிருந்து எடுக்கிறீர்கள் என்றால், அந்த மூட்டையில் 100 கிராம் கலந்து ஓர் ஓடு சுட்டுப் பார்த்துவிட்டே மீதியை எடை போடுங்கள்.

கழுவிய தண்ணீரைத் தொட்டியில் கொட்டாமல் ஒரு பழைய வாளியில் சேருங்கள். அடியில் படிவதை உலர்த்தி, ஒரு தட்டில் வைத்து அடுத்த சூட்டில் சுட்டுவிட்டால் அது கண்ணாடியாக இறுகிவிடும். மேலே தெளியும் நீரை அடுத்த சல்லடை கழுவலுக்கு எடுத்துக்கொள்ளலாம்.